வெறும் பிளாஷ்

படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை விரலில் ஏறிவிட்டால் லேசில் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் சாப்பிட உட்காரும்போது சோற்றோடு சேர்ந்து வரும். ஜன்னல் வழியாக வரும் கருவாட்டு வாசனையும் அதோடு கலந்தால், அதுதான் பாம்பனில் இருந்த என் ஸ்டூடியோ.

அபிராமத்துக்காரனான எனக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உறவுக்காரர் ஒருவர் காலி செய்த கடையைப் பிடித்து, ஒரு கேமரா, ஒரு பிளாஷ், பின்னால் தொங்கவிட அருவி வரைந்த திரை என்று தொழிலை ஆரம்பித்துவிட்டேன். கடலைப் பார்த்தே வளர்ந்த சனம், அந்த அருவிக்கு முன்னால் நிற்க அவ்வளவு ஆசையாக வரும்.

கலர் ரோல் ஒன்றுக்கு முப்பத்தாறு படம். எண்ணி எண்ணித்தான் எடுப்போம். ஆனால் கல்யாண வீடோ திருவிழாவோ, கேமராவைக் கண்டாலே "எங்களையும் ஒண்ணு எடுங்க" என்று கூட்டம் சூழ்ந்துகொள்ளும். மாட்டேன் என்றால் முகம் சுருங்கிவிடும்.

அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பிளாஷின் பின்னால் இருக்கும் சின்னப் பட்டனை மட்டும் அமுக்குவது. பளீரென்று வெளிச்சம் அடிக்கும், படம் விழாது. வெறும் பிளாஷ் என்போம். பாதிப் பேர் படத்தைக் கேட்டு வரவே மாட்டார்கள். வந்தால் லேபில் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். போட்டோகிராபர்கள் நாலு பேர் கூடினால் இதைச் சொல்லிச் சிரிப்போம்... இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தீவில் ஒரு மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த நாள். வெள்ளைக் கவுனும் கையில் மெழுகுவர்த்தியுமாக வரிசையாய்ப் பிள்ளைகள். பூசை முடிந்து, சொல்லி வைத்திருந்தவர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ஜெனிட்டா என்று ஒரு பிள்ளை, அவள் அம்மா அமலியோடு நின்று எடுத்துக்கொண்டது. அப்பா சேவியர் கடலுக்குப் போனவர் இன்னும் கரை வரவில்லை என்றார்கள்.

ரோலில் இன்னும் இரண்டு படம் மிச்சம். பூசை வைத்த பங்குச்சாமியோடு எல்லாப் பிள்ளைகளும் நிற்கும் குரூப் போட்டோவுக்கு என்று வைத்திருந்தேன். அப்போதுதான் சேவியர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கைலி முழங்கால்வரை நனைந்திருந்தது. காலில் ஈர மணல்.

"அண்ணே, என்னையும் பிள்ளையையும் சேத்து ஒண்ணு எடுங்கண்ணே. கல்யாண ஆல்பம் புயல் தண்ணியில ஒட்டிப்போச்சு. எனக்குன்னு ஒரு படம் கெடையாது."

யாரிடமோ சீப்பு வாங்கித் தலையை வாரினார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பிள்ளையின் தோளில் வைத்தார். நான் அந்தச் சின்னப் பட்டனை அமுக்கினேன். பளீர்.

"நல்லா வந்திருக்குமாண்ணே?"

"ஜம்முனு வந்திருக்கும்."

அதன்பிறகு குரூப் போட்டோ எடுத்தேன். ஒன்று போதும்தான். யாராவது கண்ணை மூடியிருந்தால் என்ன செய்வது என்று இரண்டு எடுத்தேன். மதுரை லேபிலிருந்து பிரிண்ட் வந்தபோது இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு பிள்ளைகூடக் கண்ணை மூடவில்லை.

சேவியர் படம் கேட்டு வரவில்லை. வாடைக்காற்று தொடங்கியிருந்த சமயம். அவர் போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. கூடப்போன இரண்டு பேர் கேனைப் பிடித்து மிதந்து கரை சேர்ந்தார்கள். சேவியர் கிடைக்கவே இல்லை.

அமலி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தது.

"அண்ணே, அன்னைக்கு அவுகளையும் பிள்ளையையும் சேத்து எடுத்தீகள்ல, அந்தப் படம் வேணும். முப்பதாம் நாள் பூசைக்கு வைக்கணும். உடம்புதான் கெடைக்கல..."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பழகிப்போன பொய்தான்.

"லேபுல கெட்டுப்போச்சும்மா."

"எடுத்தாகளேம்மா. வெளிச்சம் அடிச்சுச்சு, நான் கண்ணை மூடவே இல்ல" என்றாள் ஜெனிட்டா.

அமலி என்னைத் திட்டவில்லை. "விடுங்கண்ணே, நீங்க என்ன செய்வீக" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. திட்டியிருக்கலாம். முப்பதாம் நாள் பூசையில் சேவியர் சட்டை ஒன்றை மடித்து வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்ச காலத்தில் ஸ்டூடியோவையும் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இப்போது என் மருமகள், பேரன் ஒரு இட்லி தின்று முடிப்பதற்குள் முப்பது படம் எடுத்துவிடுகிறாள். போனில் இடமில்லை என்று அதில் பாதியை அன்றைக்கே அழித்தும்விடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சேவியர் சீப்பு வாங்கித் தலை வாரியதுதான் எனக்கு ஞாபகம் வரும். ஒரே ஒரு படம்... அதுகூட என் கையில்தான் இருந்தது.

போன மாதம் அப்பாவுக்குத் திதி கொடுக்க இராமேஸ்வரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் கிட்டே வந்து, "ஸ்டூடியோ மாமாதான?" என்றாள். ஜெனிட்டா. கூடவே பத்து வயசில் ஒரு பையன். அமலி தவறி இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம்.

"ஏலே, இவுகதான் தாத்தாவைக் கடைசியா போட்டோ எடுத்தவுக. அது லேபுல கெட்டுப்போச்சு" என்று பையனுக்கு என்னைக் காட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கு அப்பா முகமே மறந்துக்கிட்டு வருது மாமா. எம் பக்கத்துல நின்னதால நான் பாக்கல. நீங்க கேமராவுல பாத்தீகள்ல... அப்பா சிரிச்சாகளா?"

வெறும் பிளாஷ் அடிக்கும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. கேமரா கண்ணில் இருந்தாலும், அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது பங்குச்சாமி வருகிறாரா என்று கோயில் வாசலைத்தான்.

"சிரிச்சாகம்மா. நல்லாச் சிரிச்சாக" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாலே, தாத்தா சிரிச்சாகளாம்."