பத்து நிமிடக் குரல்

முதலில் உடைந்தது ஹவில்தாரின் குரல். "படுங்கடா, அது மோப்பம் பிடிக்குது" என்று ஒரே ஒரு வரி. அதில் 'மோப்பம்' மட்டும் வெறும் காற்றாக வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடியும் காற்று.

திருப்போரூரில் மனை விற்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. பகலெல்லாம் போனில் பேச வேண்டும். சாயங்காலம், நண்பன் சதீஷ் எழுதும் ஒலிக்கதைகளுக்குக் குரல் கொடுப்பேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டால் அதுதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்.

அப்போது போய்க்கொண்டிருந்த தொடரின் பெயர் 'உப்பங்கழி ரோந்து'. கடப்பாக்கத்துக் கோட்டை இடிபாடுகளில் பதுங்கியிருக்கும் ஒரு மிருகத்தை வேட்டையாட ஆறு சிப்பாய்கள் படகில் வருகிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் நாயக் துரை மட்டும் மிஞ்சுகிறான். ஆறு பேருக்கும் நான்தான் குரல். மிருகத்துக்கும் நான்தான். தொண்டையை இறுக்கி, மூச்சை அடிவயிற்றிலிருந்து தள்ளி உறுமுவேன்.

இதைப் படிப்பவர்களில் குரலை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக என் தவறைச் சொல்லிவிடுகிறேன். தொண்டை கம்மிய பிறகு மிருகம் நன்றாக வந்தது.

"மச்சான், இன்னா பண்ண? உறுமல் செம்மயா கீதுடா. அப்டியே மெயின்டெயின் பண்ணு" என்றான் சதீஷ். கேட்டவர்களும் பயந்துவிட்டதாக எழுதினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மிளகுப்பால் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், உறுமினேன். இரண்டு மாதம் போயிற்று. தொண்டைக் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஒரு நாள் மனை வாங்க வந்தவரிடம் 'வணக்கம் சார்' சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

நானும் அம்மாவும் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். லாரிங்கோஸ்கோபி (மூக்கு வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். "ஈன்னு இழுங்க தம்பி" என்றார் மருத்துவர். திரையில் ஈரமான, சிவந்த ஒரு குகை தெரிந்தது. என் ஆறு சிப்பாய்களும் டார்ச் அடித்துக்கொண்டு இப்படி ஒரு இடத்துக்குள்தான் நுழைவார்கள். இரண்டு வெள்ளை நாண்கள். வலது பக்கத்து நாணில் சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாலிப்" என்றார். (குரல் நாணில் கொப்புளம் மாதிரி வளரும் கட்டி.) "எடுத்துடலாம். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்புவோம்." (வெட்டிய சதை புற்றா இல்லையா என்று பார்ப்பது.)

"பேச்சு பழயபடி வருமா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"வரும்மா. ஆனா எவ்ளோ வரும்னு இப்ப சொல்ல முடியாது."

அறுவை சிகிச்சை முடிந்தது. ஏழு நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அம்மா ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். காலையில் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும், நான்கு மணிக்கு விட்டுவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது.

முதல் நாள் மாலை "சோறு துன்னியா, வலி கீதா?" என்று கேட்டாள். போனில் 'வலி இல்லை, சாப்பிட்டேன்' என்று தட்டி நீட்டினேன். அதை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு, ரேஷன் கடைச் செய்தியிலிருந்து மருந்துச் சீட்டு வரை இத்தனை வருடமாக எல்லாவற்றையும் நீட்டிய அதே பழக்கத்தில், என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"இன்னா போட்டுக்குது, பட்ச்சி சொல்லு."

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிக்கவும் தடை.

பகல்கள் நீளமாக இருந்தன. போன் அடிக்கும், எடுக்க மாட்டேன். பிறகு அதுவும் நின்றது. பேசாத ஆளை உலகம் இவ்வளவு சீக்கிரம் விட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்த அம்மா, அடுப்புமேடையில் போனைச் சாய்த்து வைத்து வெங்காயம் அரிந்தாள். போனிலிருந்து என் குரல் வந்தது. உப்பங்கழி ரோந்து, முதல் பகுதி. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் போட வைத்திருக்கிறாள். வீடு இவ்வளவு நிசப்தமாக இருந்ததே இல்லை என்பதால் கேட்கிறாளாம். ஐந்தாம் நாளுக்குள் ஒன்பது பகுதியும் முடித்துவிட்டாள். பத்தாவதுதான் கடைசி. அதை நான் பேசவே இல்லை.

"தே, அந்தத் துரை தனியா மாட்டிகினானே. வூட்டுக்குப் போனானா இல்லியா?"

எழுதிக் காட்டவும் வழியில்லை. கிசுகிசுத்தால் பேச்சாகாது என்று நினைத்தேன். நான்காவது பகுதி முழுக்கச் சிப்பாய்கள் அப்படித்தானே பேசுகிறார்கள். காதருகே குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் தொண்டையில் முள் ஏறிய மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன்.

மறுநாள் சோதனையில் நாண் வீங்கியிருந்தது. "யார்கிட்ட பேசினீங்க?" என்றார் மருத்துவர். கிசுகிசுப்பதும் பேச்சுதான், குரல் நாணுக்கு அது இன்னும் கெடுதல் என்றார்.

"நாந்தான் கேட்டேன் டாக்டரம்மா. கத கேட்டேன்" என்றாள் அம்மா.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

மௌனம் இன்னும் ஒரு வாரம் கூடியது. அதற்குள் சதீஷ் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "தப்பா எடுத்துக்காத மச்சான். கேக்குறவங்க பேஜார் பண்றாங்க. கடைசிப் பகுதிய வேற பையன வெச்சு முடிச்சிட்டேன்." பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்றை அனுப்பினேன். அலுவலகத்தில் என்னைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, மதியம்வரை மனையில் கல் நடுபவர்களோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அந்தப் பத்தாவது பகுதியைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடம் கேட்டாள், அணைத்துவிட்டாள்.

"எவனோ தொண்ட கிய்யக் கத்துறான். அவனுக்கும் இத்து வந்துரப் போவுது, சொல்லி வையி."

பயாப்சி முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் நாணில் தழும்பு விழுந்திருக்கிறது, பழைய குரல் முழுதாகத் திரும்பாது என்றார்கள். இனி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாம், வாரா வாரம் கூட்டிக்கொள்ளலாம்.

பத்து நிமிடம் எவ்வளவு என்று பேசிக்கொண்டே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கடைக்காரரிடம் மிச்சம் கேட்டால் அதில் கொஞ்சம் குறையும். பேருந்தில் 'தள்ளிக்குங்க' என்றால் இன்னும் கொஞ்சம். இப்போது என் நாள் காலையில் தொடங்குவதில்லை. நான்கு மணிக்கு வேன் வரும் சத்தத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை தொண்டையை, அடைகாக்கும் முட்டையைப் போல வைத்திருக்கிறேன்.

முதல் நாளே சதீஷின் எழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு அம்மா எதிரில் உட்கார்ந்தேன். அவள் போனில் மணியைப் பார்த்துக்கொண்டாள். நான் வாசித்தேன். துரையின் நினைவில் பேசும் ஹவில்தாரின் கணீர்க் குரல் வரவில்லை. துரையின் இளங்குரலும் வரவில்லை. யார் பேசினாலும் அடித்தொண்டையிலிருந்து கரகரப்பாக ஒன்றே வந்தது. மிருகத்துக்கு நான் கொடுத்திருந்த குரல். இப்போது அதற்கு எதையும் இறுக்கவேண்டியதில்லை.

நிறுத்தினேன். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா."

"ஆமா, ஒரே ஆளு பேசுறமாரிதான் கீது. நீ பேசுறமாரி கீது. பட்ச்சிகினே போ."

படித்தேன். துரை கழுத்தளவு உப்புத் தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறான். படகு எதிர்க்கரையில். பின்னால் நாணல் அசைகிறது. அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். திடீரென்று கையை நீட்டித் தாளை மூடினாள்.

"பத்து நிமிசம் ஆச்சி."

"இன்னும் ஒரு பக்கந்தாம்மா. துரை தண்ணியில நிக்கிறான்."

"நிக்கட்டும். நாளைக்கி நீ வந்து கூட்டினு போ."

நான் தலையாட்டினேன்.