விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டொக்டொக் சார் என்றால்தான் தெரியும். கட்டட ஆய்வாளர் வேலை. எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் வாசல் கதவை ஒருதரம் திறந்து மூடிப் பார்ப்பார். பிறகு விரல் முட்டியால் சுவரை டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போவார். ஒழுங்காகப் பூசிய சுவர் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பூச்சு விட்டுப்போயிருந்தால் காலி டப்பா மாதிரிக் கேட்கும். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில்கூட அவர் கை சும்மா இருக்காது. இலையோ தட்டோ வருவதற்குள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத் தட்டிப் பார்த்துவிடுவார். புது வீடு கட்டியவர்கள் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம்.

அவர் பார்க்காத பித்தலாட்டம் இல்லை. தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்த குளியலறை, கம்பி வெளியே எட்டிப் பார்க்கும் தூண், உப்பு மணல் போட்டுக் கட்டி இரண்டு மழைக்குள் பொரிந்துபோன சுவர், மேலே தாங்குவதற்கு ஒன்றுமே வைக்காமல் வெட்டிய ஜன்னல். வாங்குகிறவர் வரப்போகிறார் என்றால் ஈரம் காயும் முன்பே மேலே ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள். பழைய வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை வந்தாலே டொக்டொக் சாருக்கு மூக்கு விடைக்கும். கட்டியவன் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவான், உள்ளே படுத்துத் தூங்குகிறவன்தானே சாகப்போகிறான். அதனால் அவர் யாருக்கும் வழவழ கொழகொழவென்று சொன்னதில்லை. "இது வீடு இல்ல சார், உங்க மேல விழப்போற சாமான்" என்று ஒரு மாப்பிள்ளையிடம் மாமனார் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். பயமுறுத்தினால்தான் ஜனங்கள் அசைவார்கள் என்பது அவர் கட்சி.

பயமுறுத்த மனம் வராத ஆள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய அக்கா.

அம்மா போனபிறகு அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அப்பா கைநீட்டுகிற ஆள். ஏதாவது உடைந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது. அந்த வீட்டில் தம்பி உடைத்த எதுவும் அப்பா கண்ணில் பட்டதில்லை. ஒட்டக்கூடியதை அக்கா ஒட்டிவிடுவாள், ஒட்ட முடியாததைத் தான் உடைத்ததாகச் சொல்லிவிடுவாள். ஒருமுறை பந்து பட்டு அப்பாவின் சவரக் கண்ணாடி சுக்குநூறானது. தன்னுடைய வளையலைத் தோழியிடம் கொடுத்துவிட்டு அதே மாதிரி ஒரு கண்ணாடியை வாங்கிவந்து, அப்பா வருவதற்குள் அதே ஆணியில் மாட்டிவைத்தாள் அக்கா. மறுநாள் காலையில் அப்பா அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டபோது தம்பி கதவுக்குப் பின்னால் நின்று அழுதான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் வாயைப் பொத்தினாள்.

அந்த அக்காவுக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு வீடு. இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. அவள் புருஷன் வாழ்நாளெல்லாம் உழைத்து வாங்கியது, வாங்கின கொஞ்ச நாளில் மனுஷன் போய்விட்டார். கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட அவர் படம் மாட்டியிருக்கும். நடுத்தளத்துக்காரர்கள் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடந்தது. கீழே தையல்கடை.

அக்கா வீட்டுக்குள் டொக்டொக் சார் ஆய்வாளராக நுழைந்ததே இல்லை. கதவை ஆட்டிப் பார்க்க மாட்டார், சுவரைத் தட்ட மாட்டார். நேரே சமையலறைக்குப் போய் மூடியிருக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். அப்படி இருந்தும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தபோது, கூடத்தின் மூலையில், உத்தரமும் தூணும் சேருகிற இடத்தில் சாய்வாக ஒரு விரிசல் கண்ணில் பட்டது. மயிரிழைதான். ஆனால் பூச்சு வெடிப்பு இப்படிச் சாய்ந்து போகாது.

அலுவலகத்தில் சொல்லி முறைப்படி கண்காணிப்பில் போட்டார். விரிசல் பழையதா, இன்னும் அசைகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளைச் சிமென்ட் அப்பி ஒட்டிவிட வேண்டும். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் துளி அசைந்தாலும் கண்ணாடி படக்கென்று உடைந்துவிடும். உடைந்தால் கட்டடம் நகர்கிறது என்று அர்த்தம், எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டவேண்டியதுதான். உடைவதற்காகவே ஒட்டுகிற கண்ணாடி அது. இதை மற்ற வீடுகளில் அவர் உட்காரவைத்து, வயிறு கலங்குகிற மாதிரி விளக்குவார்.

அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா தம்பி, சுவத்துக்குப் பிளாஸ்திரி போடற?"

"ஆபீஸ் வேலக்கா. சும்மா ஒட்டி வெக்கறது. பத்திரமா பாத்துக்க."

"உடஞ்சா உன்னத் திட்டுவாங்களா?"

அவர் நாற்காலிமேல் நின்றபடியே சிரித்தார். "உடஞ்சா எனக்குத்தான் தலவலி. நீ ஒண்ணும் கவலப்படாத."

உடைந்தால் உடனே சொல்லு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ராத்திரி தூங்க மாட்டாள். எப்படியும் மாதாமாதம் தானே வந்து பார்க்கப்போகிறோம் என்று விட்டுவிட்டார். பாசம் வந்தால் புத்தி கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது, வேறென்ன சொல்ல.

கையோடு கீழே போய்த் தையல்காரரிடம், அந்த மூலைத் தூணைப் பார்க்க வேண்டும், பலகையைப் பிரிக்க முடியுமா என்று கேட்டார். கடையின் சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதன்மேல் துணி அடுக்கியிருந்தது. அவருடைய தையல் மெஷினும் அந்த மூலையில்தான். தையல்காரர் பொல்லாத வாயாடி, டொக்டொக் சாருக்குச் சட்டை தைப்பவரும் அவர்தான். "செவுத்த அப்புறம் அளக்கலாம் சார். மொதல்ல உங்க இடுப்ப அளந்துக்கறேன், அதுதான் மாசாமாசம் நகருது" என்றார். பலகையைப் பிரித்தால் ஒரு வாரப் பிழைப்பு போய்விடும், சீசன் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டார். சரி, மேலே கண்ணாடி உடையட்டும், அப்போது பிரித்துக்கொள்ளலாம், அதுவரை இந்த மனுஷனை எதற்குத் தொந்தரவு செய்ய என்று டொக்டொக் சாரும் நினைத்தார்.

கண்ணாடி உடையவில்லை. ஒவ்வொரு மாதமும் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். முழுசாக, பளிச்சென்று இருந்தது. நாள்பட்ட கண்ணாடியில் தூசி படிந்திருக்க வேண்டுமே என்று ஒருமுறை தோன்றியது. அக்கா கையில் துணியில்லாமல் இருந்ததேது, துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். இன்னொருமுறை சாப்பிட உட்கார்ந்தபோது மாமாவின் படம் கண்ணில் பட்டது. எப்போதும் எதிர் ஜன்னலின் வெளிச்சம் அதில் விழுந்து பாதி முகம் தெரியாது. அன்றைக்கு மாமா மூக்கு முழியெல்லாம் தெளிவாகத் தெரிந்தார். படத்தை இடம் மாற்றி மாட்டியிருக்கிறாள்போல என்று குழம்பை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஊரான் வீட்டில் எறும்பு ஓட்டையைக்கூட விடாத கண் அது.

மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. தெருப் பெயரைச் சொன்னதுமே அவர் எழுந்து ஓடினார்.

கட்டடத்தின் ஒரு மூலை அப்படியே கீழே உட்கார்ந்திருந்தது. அக்கா வீட்டுக் கூடம் பாதி இல்லை, மீதிப் பாதி வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. தையல்கடை இருந்த இடத்தில் கல்லும் கம்பியும் கலர் கலராகத் துணியும். உடைந்துகிடந்த தூணைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. முன்பு எப்போதோ இருந்த கடைக்காரன் ஷட்டர் மாட்டுவதற்காகத் தூணைப் பாதிக்குமேல் கொத்தி எடுத்துவிட்டு, மேலே பலகை அடித்து மறைத்திருக்கிறான். கம்பி துருப்பிடித்துச் சுள்ளி மாதிரி இருந்தது. ஆனால் அதையெல்லாம் நின்று பார்க்க அவரால் முடியவில்லை. அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டு கல்லைப் புரட்டினார், நகம் பெயர்ந்தது.

"தம்பி" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

தெருவில் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு. அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் உலகத்தில் வேறு யாரைப் பற்றியும் அவருக்கு நினைப்பில்லை. கீழே தையல்காரர் கிடக்கிறார் என்பதுகூட நினைவில் இல்லை.

"நல்லவேள, நான் வெளிய வந்தேன்" என்று அக்கா சொன்னாள். "காலையில அந்தக் கண்ணாடி மறுபடி உடஞ்சு போச்சுடா. நீ வர்றதுக்குள்ள ஒட்டிடலாம்னு வெள்ளச் சிமென்ட் வாங்கப் போனேன்."

"மறுபடியா?"

"மூணு நாலு தடவ உடஞ்சுது. நான் என்ன, வேணும்னா உடச்சேன்? சமையக்கட்டுக் கதவு சேரவே மாட்டேங்குது, இழுத்து அறைஞ்சு சாத்தறதுல உடையுதுன்னு தச்சரக் கூப்பிட்டு அதயும் இழச்சாச்சு. அப்பவும் உடஞ்சுது. மாமா படத்துக் கண்ணாடியத் துண்டு துண்டா வெட்டி வாங்கி வெச்சிருந்தேன், அதுல ஒண்ணொண்ணா ஒட்டினேன். உனக்குத் திட்டு விழக்கூடாதுல்ல."

சேராத கதவு, உடைந்த கண்ணாடி, கட்டடம் கதறிக் கதறிச் சொல்லியிருக்கிறது. கேட்கவேண்டிய ஆளுக்குத்தான் கேட்காமல் போய்விட்டது. பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடியப் பத்தி யார்கிட்டயும் எதுவும் பேசாதக்கா. ஆபீஸ் விஷயம்."

அவள் தலையாட்டினாள். தம்பிக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கமானதுதான்.

தையல்காரரைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள். அவர் மனைவி அழவில்லை. டொக்டொக் சார் எதிரில் வந்து நின்று, "வந்து வந்து பாத்துட்டுப் போனீங்களே சார்" என்று மட்டும் கேட்டாள். அவரிடம் சொல்ல ஒரு பதில் இருந்தது, அதை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் கொடுமையாக இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் டொக்டொக் சாரின் மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடந்தது அவளுக்கு மட்டும் தெரியும். உள்ளதைச் சொல்லிவிடுங்கள், வயசானவள் தெரியாமல் செய்ததற்கு யாரும் தூக்கில் போட்டுவிட மாட்டார்கள், உங்கள் வேலையாவது மிஞ்சும் என்று கெஞ்சினாள்.

"வேல மிஞ்சும்" என்றார் அவர். "அவ மிஞ்ச மாட்டா. ஒரு ஆளு செத்தது தன்னாலன்னு தெரிஞ்சா அக்கா அப்புறம் சோறு திங்க மாட்டா. பத்திரமா பாத்துக்கன்னு சொன்னது நான்தானே. அவ பாத்துக்கிட்டா."

விசாரணையில் மேலதிகாரி, கண்ணாடி முழுசாக இருந்தது என்று ஒவ்வொரு மாதமும் அறிக்கை கொடுத்திருக்கிறீர்களே, எப்படி என்று கேட்டார். சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன் என்றார் டொக்டொக் சார். அக்கா வீடுதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டீர்களா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றார். முதல் பதில் பொய், இரண்டாவது அவ்வளவு பொய்யில்லை. வேலை போயிற்று. ஊர் காறித் துப்பியது. அவர் கொத்தனார்களை வாய்க்கு வந்தபடி பேசிய காலமெல்லாம் இப்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

அக்கா இப்போது அவர் வீட்டில் பின்னறையில் இருக்கிறாள். இடிபாட்டிலிருந்து எடுத்த மாமாவின் படம் அங்கே மாட்டியிருக்கிறது, கண்ணாடி இல்லாமல். தம்பி வேலையில் கோட்டை விட்டான், அதனால்தான் தையல்காரர் போனார் என்று அக்கம்பக்கத்தில் பேசியது அவள் காதுக்கும் எட்டியது. சில நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல்காரர் அவளுடைய மூட்டுவலிக்காக மாடிப்படியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கிற மனுஷன்.

ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏண்டா, ஒரு துண்டுக் கண்ணாடி. ஒட்டு ஒட்டுன்னு நாலு தடவ ஒட்டி, தொடச்சு, கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டேன். உன்னால ஒரு கட்டடத்தப் பாத்துக்க முடியல?"

அவர் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். டொக்டொக் சார் அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"தப்புதான்க்கா" என்றார்.