ஐந்தாவது பெயர்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அட்சயா என்கிற சர்க்கார் இணையச் சேவை மையத்தில் சிவசங்கரியின் கையால் விண்ணப்பம் எழுதி வாங்காத குடும்பம் அந்த வட்டாரத்தில் குறைவு. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று வாழ்கிற ஊர் அது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவோ, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கேட்கவோ, எதற்கு வந்தாலும் ஆள் தமிழில் சொல்லச் சொல்ல அவள் மலையாளத்தில் அடித்துக் கொடுப்பாள். ஊருக்கெல்லாம் எழுதியவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்த விண்ணப்பங்களை வாங்கி முத்திரை குத்துகிற நாற்காலியில் தானும் உட்கார வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த வாழ்க்கை மூன்றே வருடத்தில் கசந்துபோய், ஒரு சூட்கேஸோடு பிறந்த ஊரான எருத்தேன்பதிக்குத் திரும்பியவள் அவள். தம்பி பிரதீப்பும் அவன் மனைவி மௌனிகாவும் முகம் சுளிக்காமல்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் தம்பி வீட்டில் எத்தனை வருடம் இருந்தாலும், ஃபேன் சுவிட்சைப் போடும்முன் ஒருமுறை யோசிக்கத்தான் தோன்றும். சர்க்கார் சம்பளம் வந்தால் பக்கத்து டவுன் சித்தூரில் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கென்று எழுத்தர் பரீட்சை எப்போதாவதுதான் வரும். முப்பத்தெட்டு வயதில், இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும் என்று தெரிந்து, சிவசங்கரி விழுந்து விழுந்து படித்தாள். "உங்க தொணைக்கு நானும் எழுதறனுங்க, நங்கை" என்று மௌனிகாவும் விண்ணப்பம் போட்டாள். கணவனின் அக்காவை அந்தப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். சிவசங்கரி சத்தமாகப் படிப்பாள். மௌனிகா காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். ரேங்க் லிஸ்ட் வந்தபோது மௌனிகா நாலாவது, சிவசங்கரி ஐந்தாவது.

அன்றைக்கு அழுதவள் மௌனிகாதான். "எனக்கெதுக்குங்க இந்த வேலை? தோப்பையும் மாட்டையும் பாக்கவே பொழுது பத்தறதில்லை. எனக்கு வந்தா வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றனுங்க. அடுத்தது உங்களுக்கு வந்துருமுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மனசாரத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே கிடையாது.

லிஸ்டின் ஆயுள் மூன்று வருடம். முதல் மூன்று பேர் வேலையில் சேர்ந்தார்கள். ஆயுள் முடிய ஒரு மாதமே இருந்தபோது மௌனிகாவுக்கு உத்தரவு வந்தது. கவரைப் பிரித்துத் தன் பேரை அச்சில் பார்த்தாளே, அங்கேதான் வந்தது வினை. அவள் அப்பா பொங்கியண்ணன் உறவு முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பால் சொசைட்டியில் "கிளார்க்கம்மா" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி அவளுக்கு இனித்தது. அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து இன்னார் மகள், இன்னார் மனைவி என்றே இருந்தவள்.

இரண்டாவது பிள்ளையை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அலையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எப்படியும் இப்போது சேர முடியாது, எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று சிவசங்கரி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத்தான் ஒவ்வொரு வேளையும் உட்காருவாள். மௌனிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் தட்டில் இன்னொரு தோசை வைப்பாள். கேட்க வந்தது தோசையோடு உள்ளே போய்விடும். அவள் ஒரு நாளாவது மூஞ்சியைக் காட்டியிருந்தால் இவள் சண்டை போட்டாவது கேட்டிருப்பாள். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் இதுதான் கதி.

அந்த மாதம் இருபதாம் தேதி மத்தியானம் பிரதீப்பும் மௌனிகாவும் மையத்துக்கே வந்தார்கள். சிவசங்கரி இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்றே நம்பினாள்.

பிரதீப் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அக்கா, பிரசவம் முடிஞ்சு சேந்துக்கறேன்னு தவணை கேட்டு ஒரு அபேட்சை, விண்ணப்பந்தான், எழுதிக் குடுக்கோணுமாமா. மலையாளத்துல இருந்தா வெரசா நகருமாமா. உன்னயாட்ட எழுத ஆரு இருக்கறாங்க?"

தவணை கிடைத்தால் இடம் மௌனிகாவுக்கென்று நிற்கும். அதற்குள் லிஸ்ட் செத்துப்போகும், ஐந்தாவது பெயரும் அதோடு போகும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா வேண்டாமுங்க நங்கை, வேற பக்கம் எழுதிக்கறோமுங்க" என்றாள் மௌனிகா. ஆனால் வேலை வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

சிவசங்கரி என்ன செய்வாள்? சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தானே போக வேண்டும். அடிக்க ஆரம்பித்தாள். பேர், ரேங்க், உத்தரவு எண். காரணம் சொல்கிற பத்தி கொஞ்சம் நொண்டியடித்தது. அப்படியே விட்டால் ஆபீஸில் தள்ளிவிடுவார்கள். பதினோரு வருட அனுபவத்தில் அது அவளுக்கு நன்றாகத் தெரியும். விரல்கள் நின்றன. எதிரே இருவரும் காத்திருந்தார்கள், அவளை முழுசாக நம்பிக்கொண்டு.

அந்தப் பத்தியை அழித்தாள். டாக்டர் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள வரிகளைச் சேர்த்து, எந்த அதிகாரியும் மறுக்க முடியாதபடி திருப்பி எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். பிரிண்ட் எடுத்து மௌனிகாவின் முன்னால் வைத்தாள்.

"இங்க கையெழுத்துப் போடு, கண்ணு" என்று விரல் வைத்துக் காட்டினாள்.