கல்பாசியின் ஓரத்து வெள்ளை மாவு

எழுபதுகளின் கடைசியில் என் மனைவியின் அண்ணன் போடி கடைவீதியில் மசாலாச் சாமான் கடை வைத்திருந்தார். மதுரையில் ஒரு பெரிய பிரியாணிக் கடைக்குப் பட்டை, ஏலம், கல்பாசி எல்லாம் அவரிடமிருந்துதான் போகும். ஒருமுறை கல்பாசி மூட்டை திரும்பி வந்தது. பூசணம் பிடித்திருக்கிறது என்று சமையல் மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த வாடிக்கை போனால் கடை நிற்காது.

பிரித்துப் பார்த்தோம். காய்ந்த சாம்பல் நிற இதழ்களின் ஓரத்தில் வெள்ளையாக மாவு இருந்தது.

நான் அப்போது பத்திரிகை நிருபர். எனக்குப் பழக்கமான தாவரவியல் பேராசிரியை ஒருவர் இருந்தார். "பூசணம் இல்லைன்னு அந்தம்மாகிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக் குடுங்க மாப்ள" என்றார் மச்சான். இருவரும் கல்லூரிக்குப் போனோம்.

பேராசிரியை அந்த மாவைத் துளித் தண்ணீரில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். மாவின் ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன உருண்டை. நடுவே பச்சையாகச் சில உயிரணுக்கள். அவற்றைச் சுற்றி நிறமற்ற இழைகள். பச்சையாக இருப்பது பாசி, இழைகள் பூஞ்சை என்றார். பூஞ்சை பாறையையும் மரப்பட்டையையும் பற்றிக்கொண்டு மழை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்து அதற்கும் கொடுக்கிறது. இந்த மாவு நோயல்ல, கல்பாசி பெருகும் வழி. காற்று எங்கே கொண்டுபோட்டாலும் இரண்டும் சேர்ந்தே போய் இறங்கும்.

அதுவரை கல்பாசியை ஒரே செடி என்றுதான் நினைத்திருந்தேன். கடுகைவிடச் சிறிய துகளில் இரண்டு உயிர்கள் புறப்படத் தயாராக இருந்தன. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப பூசணம் இல்லைன்னு எழுதிருவீகளாம்மா?"

"எப்படிங்க எழுத? பூசணமும் பூஞ்சைதான், கல்பாசியில பெரும்பகுதியும் பூஞ்சைதானே."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "நல்ல எடத்துக்குக் கூட்டியாந்தீக! ஒரு மூட்டைதான் பூசணம்னு வந்தேன். இப்ப மலையில இருக்க கல்பாசி பூராம் பூசணமாப் போச்சு. பேப்பர்ல எழுதித் தொலைச்சுராதீக."

மறுநாள் மூட்டையோடு மதுரைக்குப் போனோம். நான் சொன்ன விளக்கத்தையெல்லாம் மாஸ்டர் முகம் மாறாமல் கேட்டார். பிறகு ஒரு பிடி எடுத்துக் காய்ந்த எண்ணெயில் போட்டுக் குனிந்து மோந்தார்.

"வாசம் சுத்தமாத்தேன் இருக்கு. எறக்குங்க. அடுத்த தடவ அந்த மாவ மட்டும் உதறிட்டு அனுப்புங்கண்ணே."

"உதறவா? அது அதோட புள்ளகுட்டிய்யா" என்றார் மச்சான்.

"அப்பக் குடும்பத்தோடயே வேகட்டும்" என்று மாஸ்டர் மூட்டையை உள்ளே இழுத்தார்.