இருசம்மாள் வீட்டுக்கு வழி

இருசம்மாள் வீட்டுக்கு வழி சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போனது. வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் நான் வைத்திருப்பது டீக்கடை. காரில் வழி கேட்டு வந்தவர்கள் டீயும் குடித்ததில்லை, இறங்கியதும் இல்லை. கண்ணாடியை இறக்கி, போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அதில் இருசம்மாள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவள் எங்கள் ஊர்க்காரிதான். வயது நாற்பத்தைந்து இருக்கும். கொஞ்சம் மேட்டு நிலம், அதில் சாமை. புருஷன் வேடியப்பன் பாதி நாள் கீழ்நாட்டில் கரும்பு வெட்டப் போய்விடுவான். எங்கள் ஊரில் ஒருவரைச் சாப்பிட வாங்க என்று வாயால் கூப்பிட்டுவிட்டால், அவர் என்றைக்கு வந்து நின்றாலும் சோறு போட்டே ஆகவேண்டும். அதனால் என்னைப் போன்ற கஞ்சன்கள் யோசித்துத்தான் கூப்பிடுவோம். இருசம்மாள் வழியில் போகிற எல்லாரையும் கூப்பிடுவாள்.

அந்தக் காலத்தில் விளம்பரம் சுவரில் இருந்தது. பல்பொடி, பீடி, உரம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். சந்தை நாளில் ஒருவன் ஜீப்பில் மைக் கட்டிக் கத்துவான். கத்தி முடித்ததும் மலையிறங்கிப் போய்விடுவான். அது விளம்பரம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

போன வருஷம் அறுப்பு முடிந்த சமயம், பட்டணத்தில் சாமையைப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு கம்பெனியிலிருந்து கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். இருசம்மாள் உரலில் சாமை குத்துவதைப் படம் பிடித்தார்கள். கடைசியில், "பாக்கறவங்ககிட்ட ஏதாவது சொல்லுங்கம்மா" என்றார்கள். பார்க்கிறவர்களும் மனுஷர்கள்தானே என்று அவள் நினைத்தாள்.

"மலைக்கு வந்தா நம்ம வூட்டுக்கு வாங்க. சாமச்சோறு ஆக்கிப் போடறேன், சாப்ட்டுப் போங்க" என்றாள்.

அவ்வளவுதான். அது எல்லார் போனிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை பார்த்தவனுக்கே திரும்பத் திரும்ப வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேலம், விழுப்புரம், சென்னை என்று கார்கள் ஏறி வந்தன. வந்தவர்கள் எல்லாம் அவள் வாயால் கூப்பிட்டவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அவள் விடிகாலையில் எழுந்து குத்துவாள், புடைப்பாள், உலையில் போடுவாள். அவர்கள் தின்றுவிட்டு அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று என் கடையில் வந்து கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். "அது எங்க கைய விட்டுப் போயிடுச்சிங்க. ஆளாளுக்கு எடுத்துப் போட்டுக்கினு இருக்காங்க. நாங்க நிறுத்தினாலும் நிக்காது" என்றான் ஒருவன். சுவரில் எழுதியிருந்தால் சுண்ணாம்பாவது அடிக்கலாம். இதற்கு எங்கே போய் அடிப்பது?

வைகாசிக்குள் வீட்டில் சாமை தீர்ந்தது. விதைக்குக் கட்டிவைத்த கூடை மட்டும் பரணில் இருந்தது. வேடியப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "அதுல கை வெச்சன்னா அடுத்த வருசம் இன்னாத்த திங்கறது?"

அடுத்த ஞாயிறு ஒரு கூட்டம் வந்து வாசலில் நின்றது. இருசம்மாள் பரணைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். பிறகு, "இருக்கறது வெதச்சாமைங்க. அதையும் ஆக்கிட்டா நெலத்துல எதப் போடறது? தப்பா நெனைக்காதீங்க, இன்னைக்குச் சோறு இல்லிங்க" என்றாள். அவள் வாழ்நாளில் இந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்தடவை.

வந்தவர்களில் ஒருவன் அதையும் படம் பிடித்தான். விதை என்று அவள் சொன்னதை வெட்டிப் போட்டுவிட்டு, சோறு இல்லிங்க என்பதை மட்டும் வைத்துக்கொண்டான். 'விளம்பரத்தில் கூப்பிடுவார், நேரில் விரட்டுவார்' என்று தலைப்பு வேறு. கம்பெனிப் படத்தைவிட இது அதிகம் ஓடியது. இந்தப் படம் தொடங்குமுன் கம்பெனியின் விளம்பரம்தான் வருகிறது. முதலில் வாங்க என்கிறாள், அடுத்த நிமிஷம் இல்லை என்கிறாள். எவன் எவனோ அவளை வாய்க்கு வந்தபடி ஏசி எழுதினான். கார்கள் வருவது நின்றது.

ஆடியில் விதைப்பு வைத்தார்கள். ஒருவர் நிலத்தில் மற்றவர் என்று கைமாற்றாக வேலை செய்ய நானும் போயிருந்தேன். வேடியப்பனின் தங்கை சாலம்மாள் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். விதைக்கூடை முழுசாக இருந்தது. இருசம்மாள் அதை இறக்கி வைக்கும்போது முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

மத்தியானம் எல்லாரையும் சோற்றுக்குக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக் குத்திய சாமை. சாலம்மாள் மட்டும் பையிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள்.

"நான் கட்டிக்கினு வந்துட்டேன் அண்ணி."

"எதுக்குடி?"

"போன்ல பாத்தேன். உன் வூட்ல கம்மியா இருக்கும்னுதான். உனக்கு இன்னாத்துக்குச் சிரமம்?"

அந்தப் பெண் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமான அக்கறையோடுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த சோற்றைப் பிசைந்தாள். இருசம்மாள் கையில் அகப்பையோடு அவள் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள்.