ஒரு சாண் நேரம்

என் வாடிக்கை பக்கிரியின் வலது கன்னத்தை மழித்து முடித்து, இடது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டு போனது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அடுத்து நான் பார்த்தது என் கடையின் கூரையை. தரையில் கிடந்தேன். நாக்கில் ரத்தம். வேட்டி நனைந்திருந்தது. கத்தி அவன் மடியில் விழுந்ததாம். பாதி முகத்தில் நுரையோடு, கழுத்தில் என் துண்டோடு அவன் கடைத்தெருவில் ஓடியதை பினாங்கே பார்த்தது. எனக்கு மட்டும் கொடுத்து வைக்கவில்லை.

நான் சவரக் கடை வைத்திருப்பவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். நான் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் (டாக்டருக்குக் கைவேலை செய்பவர்) அந்தோணி இதை எழுதுகிறார். நல்ல தமிழ் தென்பட்டால் அது அவருடையது. இதே நோய் உள்ளவர்களுக்காகத்தான் சொல்கிறேன். நான் சிரித்தால் கோபிக்காதீர்கள், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன்.

கண் விழித்தபோது என் கையில் சாவிக்கொத்து ஒன்று இருந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று யாரோ திணித்திருக்கிறார்கள். எனக்கு வலிப்பு வந்ததே இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான். அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

நம் ஆட்கள் இதைக் காக்காய் வலிப்பு என்றார்கள். பக்கத்துக் கடை மலாய்க்காரர் ‘கீலா பாபி’ என்றார், பன்றிப் பைத்தியம் என்று அர்த்தம். பறக்கிறதோடும் சேர்த்தார்கள், நாலு காலில் நடக்கிறதோடும் சேர்த்தார்கள். மனுஷனோடு சேர்க்க மட்டும் ஆள் இல்லை.

கடை காலியானது. துறைமுகத்தில் தொங்கான் (சரக்குப் படகு) ஓட்டும் ஆட்கள் முழுக்க என் வாடிக்கை. அவர்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்து, எதிர்க்கடைக்குப் போனார்கள். என் மனைவி அஞ்சலை கத்திகளை எல்லாம் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். ‘கத்தி வேணாங்க. எவன் கழுத்தாவது போயிருச்சுன்னா, நான் எந்த மொகத்தோட இந்தத் தெருவுல நடப்பேன்’ என்றாள். எனக்கு வேறு வேலை தெரியாது. கத்தி போனால் நானும் போன மாதிரிதான். அதை மறுபடி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தோணி என் பழைய வாடிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர் கொஞ்ச காலம் இங்கே தங்கி, மண்டைக்குள் ஓடும் கரண்டை மிஷின் வைத்து எழுதிப் பார்க்கிறார் என்று அவர்தான் வந்து சொன்னார். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த டாக்டருக்கு ஆசை. வலிப்புக்காரர்களின் தலை அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். முதல் தடவையாக என் தலையைத் தேடி ஒருவர் வருகிறார், விடுவேனா?

செய்தி தெருவில் பரவியது. நினைப்பதை எல்லாம் மிஷின் எழுதிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். சவரக்காரன் மண்டைக்குள் எத்தனை வீட்டுக் கதை இருக்கும்? அதுவரை என் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் வரிசையாக வந்து நலம் விசாரித்தார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர், அவர் ரெண்டாவது வீட்டு விஷயத்தை நான் மறந்துவிட வேண்டும் என்று வாழைப்பழத்தோடு வந்து கேட்டுக்கொண்டார். மறக்கிற வியாதியாக இருந்தால் முதலில் அதைத்தான் மறப்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில், வெளிக் கரண்ட் உள்ளே நுழையாமலிருக்கச் செம்புக் கம்பி வலை அடித்த ஒரு கூண்டு. கோழி மாதிரி என்னை அதற்குள் படுக்க வைத்தார்கள். மின்வாய் (வெள்ளியில் செய்த சின்னத் தகடு) ஒட்டுவதற்காக அங்கங்கே தலைமுடியை மழித்தார் அந்தோணி. ஊருக்கே முடி வெட்டியவன் தலையை இவ்வளவு கோணலாக யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். மிஷினுக்கு ஆகாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். வெளியே கரண்ட் கம்பியில் ஓடும் டிராலி பஸ் போகும் போதெல்லாம் மிஷினின் பேனா காகிதத்தில் கன்னாபின்னாவென்று கிறுக்கியது, டாக்டர் பல்லைக் கடித்தார்.

கண்ணை மூடினால் பேனா ஒழுங்காக அலை அலையாக எழுதும். திறந்தால் அலை அடங்கிவிடும். டாக்டர் கணக்குப் போடச் சொன்னார், அப்போதும் அடங்கியது. நான் போட்ட விடை தப்பு என்பது மிஷினுக்குத் தெரியவில்லை. நான் நினைப்பது தெரிகிறதா என்று கேட்கச் சொன்னேன். டாக்டர் சிரித்துச் சொன்னதை அந்தோணி தமிழில் சொன்னார்: ‘கடல் அலைய மட்டும் பாத்து, கப்பல்ல என்ன சரக்குன்னு சொல்ல முடியுமான்னு கேக்குறார்ணே.’ மளிகைக் கடைக்காரர் பிழைத்தார்.

பிறகு வேகமாக மூச்சு விடச் சொன்னார். விட்டேன். ‘போதுமா’ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் எழுந்து நின்றிருந்தார். அந்தோணி இடம் மாறி நின்றிருந்தார். பேனா காகிதத்தில் மலை மலையாக ஏதோ எழுதி முடித்திருந்தது. நான் எங்கேயும் போகவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் காகிதம் வேறு சொன்னது.

சின்ன வலிப்பு (ஆள் விழாமல், கண் திறந்தபடியே கொஞ்ச நேரம் இல்லாமல் போவது) என்றார் டாக்டர். சிறு வயதிலிருந்தே இருந்திருக்கும், கடையில் வந்தது அதன் அண்ணன் என்றார். நான் நடுவில் நின்றுபோவதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார்.

அந்தோணி என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. கதை சொல்வதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னால் கத்தியைத் தூக்கியபடி சும்மா நிற்பேனாம். அந்த நிற்பிலேயே கடை குலுங்குமாம். நான் ஏதோ பெரிய வித்தை செய்கிறேன் என்று அவர்களும் நினைத்தார்கள், அவர்கள் சிரித்ததால் நானும் நினைத்துக்கொண்டேன்.

‘அது நீங்க இல்லண்ணே’ என்றார் அந்தோணி மெதுவாக. ‘அப்போ நீங்க அங்க இல்ல.’

கோபம்தான் வந்தது. என் பேரில் இத்தனை வருஷம் ஒரு வலிப்பு கைத்தட்டல் வாங்கியிருக்கிறது.

கத்தி கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொன்னார். முடியாது என்றேன் நான். இந்தக் கூண்டுக்குள் அடைத்தால்கூட கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சவரம் செய்வேன் என்றேன். அந்தோணி இதை எப்படிச் சொன்னாரோ, டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. தினமும் மாத்திரை. மடக்குக் கத்திக்குப் பதிலாக, தகட்டுக்குள் பிளேடு வைத்த பத்திரமான ரேசர். அதைப் பிடிப்பதைவிட தாடி வளர்த்துக்கொண்டு திரியலாம் என்று நானே ஊரெல்லாம் கேலி செய்த ஆயுதம்.

டாக்டர் அந்தக் காகிதத்தைத் தன் ஊருக்குக் கொண்டுபோய் ஆராயப் போவதாகச் சொன்னார். என் மண்டையில் எழுதியதை எனக்குக் கொடுக்காமல் கொண்டுபோக முடியாது என்றேன். தயங்கினார். பிறகு கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார். நான் இல்லாமல் போன இடம். கையை வைத்து அளந்தேன், ஒரு சாண்.

அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். பைத்தியம் என்று எவனாவது முணுமுணுத்தால் அதைக் காட்டுவேன். ‘எனக்கு மூளை இருக்குன்னு வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்திருக்கான். ஒனக்கு எவனாச்சும் கொடுத்திருக்கானா?’

பெரிய வலிப்பு மறுபடி வரவில்லை. மாத்திரை தின்றால் தலையில் ஈரக் கோணி போட்ட மாதிரி இருக்கும், பழகிவிட்டது. சின்னது குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் சொல்லிவிடுவேன்: எனக்கு இந்த நோய் உண்டு, நடுவில் நின்றால் அசையாமல் இருங்கள், திரும்பி வந்துவிடுவேன். சிலர் எழுந்து போகிறார்கள். போகட்டும். அஞ்சலை அரிசி டின்னை இன்னும் திறக்கவில்லை, ஆனால் புது ரேசரைத் தினமும் அவளே துடைத்து வைக்கிறாள்.

பக்கிரி போன வாரம் வந்தான். எதிர்க்கடையில் கதையே இல்லை, சும்மா சும்மா வெட்டுகிறான் என்று முறையிட்டபடி நாற்காலியில் சாய்ந்தான். அன்று கழுத்தோடு கொண்டு ஓடிய துண்டைத் திருப்பித் தரவில்லை. நுரை போட்டேன். கதையை ஆரம்பித்தேன், மளிகைக் கடைக்காரர் வாழைப்பழத்தோடு வந்த கதை. சிரிப்பு வரும் இடத்துக்கு வந்தேன்.

அவன் கன்னத்து நுரை கொஞ்சம் வழிந்திருந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டியைக் காணவில்லை. ரேசர் என் கையிலேயே இருந்தது, அவன் கன்னத்துக்கு மேலே. பக்கிரி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை, ஓடவுமில்லை.

‘போனேனா?’ என்றேன்.

துண்டுக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தான். சுவரில் மாட்டியிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தான். யோசித்து, கொஞ்சம் சுருக்கினான்.

‘இவ்ளோதான் லா’ என்றான். ‘ஒரு சாண்கூட வராது. சவரத்தப் பாருண்ணே.’

இடது கன்னத்தில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.