நீலப்பூத் தட்டும் சாக்லேட் உருண்டையும்

செமோரில் சதாசிவத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் பழுது பார்த்த பொருள்களைத் தெரியாதவர்கள் அந்தத் தாமான் குடியிருப்பில் இல்லை. "சின்ன வேலதான் லா, இதுக்கு எதுக்கு ஆள் கூப்பிடறீங்க?" என்று ஆரம்பித்து, ஆள் கூப்பிட்டே தீர வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து விடுவதில் அவருக்கு இணை அவர்தான். இது அவருக்கே தெரியும். தெரிந்தும் அடுத்த வேலையைத் தொடுவார்.

ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கையுறைத் தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் மாலை போட்டார்கள். மனைவி நல்லம்மாள் அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்தாள். வாயைத்தான் ஒளிக்க முடியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டுப் பாப்பா அக்கா, வழக்கம்போல், நீலப்பூ போட்ட பீங்கான் தட்டில் பழக் கேக் வைத்துக் கொடுத்தார். மறுநாள் வாசலில் கார் கழுவியபடி சதாசிவம் எதிர்வீட்டு ராஜுவிடம் சொன்னார்:

"கேக்கா அது? மேட்டுல லாரிய நிறுத்துனா டயருக்கு முட்டுக் குடுக்கலாம் லா மச்சான்."

ராஜு சிரிக்கவில்லை. கண்ணால் வேலியைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பாப்பா அக்கா, கடைசிச் சட்டைக்கும் நிதானமாகக் கிளிப் மாட்டிவிட்டு உள்ளே போனார். அவருக்கும் நல்லம்மாளுக்கும் பதினெட்டு வருடமாக நடந்துவந்த வேலிப் பேச்சு அதோடு நின்றது.

தட்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாது என்பது அந்த வரிசை வீடுகளின் எழுதாத சட்டம். தீபாவளிக்கு நல்லம்மாள் அதில் முறுக்கை அடுக்கிக்கொண்டு போனாள். பாப்பா அக்கா கேட்டைத் திறக்காமலே, "எனக்கு இனிப்புநீர் இருக்கு தங்கச்சி," என்று சர்க்கரை வியாதியைக் காரணம் சொல்லிவிட்டார். தட்டு முறுக்கோடு திரும்பி வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த நல்லம்மாளின் பேச்சு முழுவதும் இப்போது சதாசிவத்தின் காதில் விழுந்தது. முதலில் அதைத்தான் தண்டனை என்று நினைத்தார். பிறகுதான் கவனித்தார்: பேச்சு வருகிறது, அதோடு வரும் சிரிப்பைக் காணோம். காலையில் துணி காயப் போடும்போது அவள் வேலிப் பக்கம் திரும்பாமலே போடப் பழகியிருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குக் காலைக் காப்பி இறங்கவில்லை.

டிசம்பர் பிறந்ததும் அவரே ஆரம்பித்தார். "இந்தத் தட்ட எப்படியாச்சும் குடுத்துடணும்மா."

"வாயால கெடுத்தது நீங்க. கையால செஞ்சு நீங்களே கொண்டு போங்க."

"செஞ்சா போச்சு. பழத்தச் சாக்லேட்டுல முக்கி எடுக்கிறாங்க, போன்ல பாத்தேன். சின்ன வேலதான் லா."

"இனிப்புநீர்ன்னு சொன்ன அக்காவுக்குச் சாக்லேட்டா?"

"முறுக்குக்கே வந்த இனிப்புநீர் அது. சாக்லேட்டுக்கு வராது."

கேமரன் மலை ஸ்ட்ராபெரிக்காக மலை ஏறுவதாகத்தான் கிளம்பினார். மலைப் பாதையின் வளைவுகள் ஞாபகம் வரவே, அடிவாரத்துத் தாப்பாவில் கடையிலேயே வாங்கிக்கொண்டு, மலையேறி வந்தவர் போன்ற முகத்தோடு வீடு திரும்பினார். போனில் சமையல் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண்ணின் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. முக்கி எடுத்த பழத்தை அப்படியே மேசைமேல் வைத்தால் போதும், தானாக இறுகிவிடும் என்றாள். செமோரில் அப்படி மேசைமேல் வைத்தால் மேசைவிரிப்புத்தான் சாக்லேட்டில் முங்கும். ஆகவே ஐஸ் பெட்டியில் மிளகாய்ச் சம்பாலுக்கும் மீனுக்கும் நடுவே ஒரு தட்டுக்கு இடம் பிடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதியம். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிமேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலை சரியாகப் போகிறது என்ற பயமே அவருக்கு வந்துவிட்டது.

"ருசி பாக்காதீங்க," என்றாள் நல்லம்மாள். "புதுசா செய்யிறது, சாமிக்குக் காட்டிட்டு அப்புறம் வாயில வைங்க."

நியாயந்தானே. கிண்ணத்தைச் சாமி மேடையில் வைத்தார், சூடம் காட்டினார், செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றித் தெளித்தார். பக்தி கொஞ்சம் கூடிப்போனதால் தண்ணீர் கிண்ணத்துக்குள்ளும் விழுந்தது.

அடுப்படிக்கு வந்து கிளறினால், பளபளப்பு போய்விட்டது. சாக்லேட் மழையில் நனைந்த சிமெண்டு மூட்டை போல இறுகிக்கொண்டே வந்தது. போனைத் தட்டிப் பார்த்தார். அவர் பார்க்காமல் தள்ளிவிட்ட முதல் நிமிடத்திலேயே அந்தப் பெண் விரலை ஆட்டி எச்சரித்திருக்கிறாள்: ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போச்சு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சாமி கொஞ்சம் அதிகமாவே ஏத்துக்கிட்டாரு."

டின் பாலை ஊற்றிக் கிளறினார். இளகியது. இளகியதோடு இறக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அல்வா பதம் வரட்டும் என்று அடுப்பைக் கூட்டிவிட்டு, தன் கெட்டிக்காரத்தனத்தை ராஜுவுக்குப் போனில் விவரித்தார். திரும்பி வந்தபோது பதம் அல்வாவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. முக்குவதற்கு வழியில்லை. கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பதுபோல ஒவ்வொரு ஸ்ட்ராபெரியையும் உள்ளே வைத்து, கை சுடச்சுட உருட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தார்.

காலையில் ஒரு உருண்டையைத் தட்டில் போட்டார். 'ணங்' என்றது.

நல்லம்மாள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். திரும்பச் செய்ய வழியில்லை. ஸ்ட்ராபெரி தீர்ந்துவிட்டது, அடுத்த வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சதாசிவம் நீலப்பூத் தட்டைத் தூக்கிக்கொண்டு, மேடை ஏறும் பிள்ளைபோல நடந்தார்.

பாப்பா அக்கா கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"என் கையால செஞ்சதுக்கா. முக்கி எடுக்க நெனச்சேன், உருண்டையா போச்சு. அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா."

பாப்பா அக்கா கேட்டின் கம்பி இடைவெளியில் கைவிட்டு ஒரு உருண்டையை எடுத்தார். கடித்தார். பல் இறங்கவில்லை. இன்னொரு பக்கம் திருப்பிக் கடித்தார். பிறகு கேட்டுத் தூணில் தட்டினார். சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

"தம்பி."

"அக்கா."

"லாரி எங்க நிக்குது?"

சதாசிவம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வேலிக்குத் தங்கள் வீட்டுப் பக்கம், துணிக்கூடையோடு நின்ற நல்லம்மாளிடமிருந்து வந்தது, அடக்கி அடக்கிப் பார்த்து உடைந்த ஒரு வருடத்துச் சிரிப்பு. "மேட்டுலக்கா! ரெண்டு டயருக்கும் போதும்!" பாப்பா அக்காவும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அதைத் திறந்தார்.

தட்டை உள்ளே கொண்டுபோனவர், அதிலேயே பழக் கேக்கை வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "இங்கயே சாப்பிடு தம்பி. நானும் பாக்கிறேன்."

சதாசிவம் கடித்தார். போன வருடத்து அதே கேக். கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடியது. இரண்டு பெண்களும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று அவரையே பார்த்தார்கள். இந்தக் கேக்கைப் பற்றி மிக அருமையான உவமை ஒன்று அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு, "இன்னொரு துண்டு கெடைக்குமாக்கா?" என்றார்.